லாபம், ரெண்டு, மூணு

ஆனைமலை அடிவாரத்தில், நாற்கரச்சாலைக்கு மேற்கே வாய்க்காலைத் தாண்டினால் வருகிற இச்சிப்பாளையத்தில், நூற்று அறுபத்து மூன்று வீடுகளும் வீட்டுக்கு எழுபது என்று கணக்கு வைத்தாலும் மிஞ்சுகிற அளவுக்குத் தென்னைகளும் இருக்கிற ஊரில், அங்கன்வாடிப் பிள்ளைகள் சேர்ந்து எண்ணினால் எண்ணிய பொருளில் ஒன்று கூடிவிடும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அது எப்படித் தொடங்கியது என்று கேட்கிறவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள், ஏனென்றால் கூடியதை முதலில் பார்த்தது நான், மூன்று தடவை திரும்ப எண்ணிப் பார்த்ததும் நான்.

அந்த அங்கன்வாடி மையத்தில் நான் உதவியாளர். பெயர் திருமாத்தாள். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவதும், உலை வைப்பதும், கால் கழுவி விடுவதும், மதியம் தூங்க வைத்துத் தலைகளை எண்ணிப் பார்ப்பதும் இருபத்தேழு வருஷமாக என் வேலை.

கோகிலவாணி டீச்சர் உடுமலைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தது போன தை மாதம். அதற்கு முன்பு சுவரில் ஒரு படம் இருந்தது; ஒன்றுக்கு ஆப்பிள், இரண்டுக்குப் பெங்குவின், மூன்றுக்குக் கப்பல். எங்கள் பிள்ளைகள் பெங்குவினைச் சட்டை போட்ட காக்கா என்பார்கள். டீச்சர் வந்த முதல் எட்டு நாளும் மாலையில் ஊருக்குள் நடந்தார். தேங்காய்க் களங்களையும் மட்டையை நாராக்குகிற மஞ்சி மில்லையும் ஓலை முடைகிற வீடுகளையும் நின்று நின்று பார்த்தார், ஒன்பதாம் நாள் அந்தப் படத்தைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு எதில் கை பழகியிருக்கிறதோ அதிலிருந்துதான் பாடம் ஆரம்பிக்கும் என்று என்னிடம் சொன்னார். மணல் தொட்டி களமானது. பிள்ளைகள் காலையில் தென்னையடியில் உதிர்ந்த பிஞ்சுக் குரும்பை பொறுக்கி வந்து அதில் கொட்டினார்கள், பெரிது சிறிது என்று பிரித்தார்கள், மஞ்சியில் கயிறு திரித்தார்கள், ஓலையில் காற்றாடியும் கிளியும் கைக்கடிகாரமும் செய்தார்கள், வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் கடை போட்டார்கள். காற்றாடிக்கு விலை மூன்று குரும்பை. அம்மாக்கள் மில்லிலிருந்து வரும் வழியில் மரத்தடியில் குரும்பை தேடிக்கொண்டு வருவார்கள். இரண்டுதான் கிடைத்தது என்று பேரம் பேசுகிறவர்களுக்கு வாலில்லாத கிளி கொடுக்கப்படும்.

எண்ணக் கற்றுக்கொடுக்க டீச்சர் ஆறுச்சாமியை அழைத்தார். ஆறுச்சாமி எங்கள் ஊர்க் களங்களில் தேங்காய் எண்ணுகிறவர். கைக்கு ஒன்றாகச் சோடி சோடியாக எடுத்து எறிந்து, எறிகிற வேகத்துக்கு ஏற்ற ராகத்தில் இழுத்து இழுத்து எண்ணுவார், நூறு வந்தால் ஒரு காயை அடையாளத்துக்குத் தள்ளி வைப்பார், அன்றைய எண்ணிக்கை முடிந்ததும் தள்ளி வைத்த காய்கள் அவருக்கு. தேங்காயோ நெல்லோ, முதல் எண்ணை அவர் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார். அதற்கப்புறம் ரெண்டு, மூணு, நாலு. டீச்சர் காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்:

“ஒண்ணுன்னு தொடங்குனா ஒத்தையா நின்னு போயிருமுங்க. லாபம்னு கூப்புட்டாத்தான் பொறத்தால வருமுங்க.”

நான்கு நாளில் இருபது பிள்ளைகளும் அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மாசி மாதம் இரண்டாவது புதன்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு, கவினேஷ் என்கிற நாலு வயதுப் பையன் முன்னால் நின்று ஒவ்வொரு குரும்பையாக எடுத்து எறிய, மற்றவர்கள் லாபம், ரெண்டு, மூணு என்று சேர்ந்து பாட, இருபதில் பாட்டு நின்றபோது களத்தில் இருபத்தொரு குரும்பை கிடந்தது. காலையில் தொட்டியில் போட்டது இருபது, போட்டவள் நான். டீச்சர் எண்ணினார், இருபத்தொன்று. நான் எண்ணினேன், மூன்று தடவையும் இருபத்தொன்று. பிள்ளைகளை மறுபடி எண்ணச் சொன்னோம். அவர்கள் லாபத்தில் தொடங்கி இருபத்தொன்றில் முடித்தார்கள், நாங்கள் எண்ணினால் இருபத்திரண்டு. அதற்குள் உலை பொங்கிவிட்டதால் நான் உள்ளே போனேன்.

சாயங்காலம் செய்தி கேட்ட ஆறுச்சாமி தானே வந்து குந்திக்கொண்டு அதே குரும்பைகளை எண்ணினார். ஒன்றும் கூடவில்லை. பிள்ளைகள் எண்ணினார்கள், கூடியது. முப்பத்தொரு வருஷமாகத் தான் கூப்பிட்டு வராதது மூக்கொழுகும் பொடுசுகள் கூப்பிட்டால் வருகிறதே என்று அவர் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் வழக்கம் போல வந்து பிள்ளைகளின் ராகத்தில் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே தாளம் இடறுகிறது என்று திருத்திக் கொடுத்தார்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ளப் பன்னிரண்டு நாள் ஆனது. முதல் வாரம் எல்லோரும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று கோழியைக் கொண்டு வந்தேன் என்றார், ஒருவர் மழை வரும் போலிருந்தது என்று கொளுத்துகிற வெயிலில் குடையோடு நின்றார். அடுத்த வாரம் சாக்கு விட்டுப் போயிற்று, வாழைச் சீப்பும் மண்வெட்டியும் பாயும் செம்பும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் களத்துக்குள் அடங்குகிற பொருளைத்தான் எண்ணுவோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டு, கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எண்ணிக் கொடுத்தார்கள். கூடிய பொருள் யாருக்கு என்று அன்றைக்கே சண்டை வந்தது. ஆறுச்சாமி களத்து வழக்கத்தைச் சொன்னார், எண்ணுகிறவனுக்குத்தான் தள்ளி வைத்த காய் என்று. வரிசை மறுநாளே பாதியாகச் சுருங்கிற்று. நின்ற பாதியும் கூடுவதைப் பார்க்க நின்றதுதான். பங்குனி முடியும்போது மையத்தில் கோழி ஒன்று, குடை நான்கு, பாய் ஆறு, மண்வெட்டி மூன்று, செம்பு ஏழு, ஹெல்மெட் ஒன்று, குரும்பை நானூற்றுப் பதினெட்டு இருந்தன. மண்வெட்டியை வேண்டியவர் எடுத்துப் போய் வேலை முடிந்து கொண்டு வந்து வைத்தார்கள். ஹெல்மெட்டில் கோழி அடைகாத்தது.

விதிக்கு ஒரே ஒரு விலக்குத்தான் நடந்தது. மஞ்சி மில்லில் வேலை செய்கிற ரேணுகா, வாய்க்காலில் துணி துவைத்தபோது ஒரு காதுத் தோட்டைத் தொலைத்துவிட்டு, மற்றதை முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள். பிள்ளைகள் அந்த ஒற்றைத் தோட்டைச் சுற்றி உட்கார்ந்து லாபம் என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார்கள், பக்கத்தில் இன்னொன்று இருந்தது, முதல் தோட்டில் இருந்த நசுங்கல் அதிலும் இருந்தது. விதிப்படி அது மையத்துக்கு. கவினேஷ் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, அக்காவுக்குக் காது ரெண்டு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

எனக்குத் தொல்லை முட்டையில் வந்தது. ஒரு திங்கட்கிழமை நான் அசந்த நேரத்தில் அட்டையில் இருந்த இருபது முட்டைகளையும் பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள். எங்கள் படிவத்தில் உடைந்ததற்கு ஒரு கட்டம் உண்டு, கெட்டுப் போனதற்கு ஒரு கட்டம் உண்டு, குறைவாக வந்தால் காரணம் எழுத இரண்டு வரி உண்டு. கூடினால் எழுத எங்கும் இடமில்லை. டீச்சர் அதை வேகவைத்து யாருக்காவது கொடுத்துவிடலாமே அக்கா என்றார். நான் ஒரு தனித்தாளில் ‘பிள்ளைகள் எண்ணியதால் முட்டை ஒன்று கூடுதல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படிவத்தோடு குண்டூசியில் குத்தி அனுப்பினேன். அந்தத் தாள் இரண்டு அலுவலகம் சுற்றி, மூன்று மாதம் கழித்து, மேற்பார்வையாளர் ரெஜினா மேடத்தின் கைப்பையில் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது.

அப்போது ஜூன் பாதி தாண்டிவிட்டது. மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. ரெஜினா மேடம் இருபத்தாறு மையங்களை ஒரு ஸ்கூட்டரில் பார்க்கிறவர். நனைந்த புடவையோடு உட்கார்ந்து, நான் கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, முட்டைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டார். கவினேஷிடம் ஒரு விரலை நீட்டி இது எத்தனை என்று கேட்டார்.

“லாபமுங்க மேடம்.”

இரண்டு விரல் காட்டினார். ரெண்டு என்றான். மூன்று காட்டினார். மூணு என்றான். மறுபடி ஒரு விரல் காட்டினார். இந்த மேடத்துக்கு எண்ணத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பொறுமையாக, லாபம் என்று மறுபடி சொன்னான். மேடம் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, பையனுக்கு ‘ஒன்று’ தெரியவில்லை என்று எழுதினார். வெள்ளிக்கிழமைக் கடையைப் பார்த்தார், ஒரு காற்றாடி வாங்கினார், மூன்று குரும்பை தேடிக்கொண்டு சாரலில் மரத்தடிக்குப் போய் வந்தார். இந்த மாதிரி ஒரு மையத்தைத் தான் பார்த்ததில்லை என்று டீச்சரிடம் சொன்னார். அதன் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

அந்த ஜூனில் ஆறு பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். மிச்சம் பதினாலு. பதினைந்துக்குக் குறைந்தால் மையத்தைப் பக்கத்து மையத்தோடு சேர்க்க வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. பக்கத்து மையம் நாற்கரச்சாலைக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டர். லாரிகள் நிற்காமல் போகிற அந்தச் சாலையைப் இருபத்தெட்டுச் சின்னக் கால்களை நடத்திக்கொண்டு தினமும் இருமுறை தாண்ட முடியாது என்பது மேடத்துக்கும் தெரியும். மையம் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் அம்மாக்களோடு மில்லுக்குத்தான் போவார்கள். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், மஞ்சித் தூசியில் இருமிக்கொண்டு, கோணியில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மையம் வருவதற்கு முன்னால் அப்படித்தான் இருந்தார்கள், நான் பார்த்திருக்கிறேன். மேடம் என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார்.

அன்று மாலை ஊர் முழுவதும் மையத்துக்கு வந்தது. நிறையப் பேர் நிறையப் பேசினார்கள். மனு எழுதலாம் என்றார்கள், மறியல் செய்யலாம் என்றார்கள், பக்கத்து ஊரிலிருந்து ஒரு பிள்ளையை இரவல் வாங்கலாம் என்று ஒருவர் சொல்ல, உன்ற பொண்டாட்டியக் கேட்டயா என்று இன்னொருவர் கேட்க, சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியபோது, எல்லோர் மனசிலும் வந்ததிலிருந்து இருந்ததை ஆறுச்சாமி மெதுவாக எடுத்து வெளியே வைத்தார். பதினாலு பிள்ளைகள் இருக்கிறார்கள்; எண்ணினால் ஒன்று கூடும்; பிள்ளைகளையே எண்ணச் சொன்னால் என்ன?

அம்மாக்கள் தங்கள் தங்கள் பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டார்கள். வருகிற பிள்ளைக்கு அம்மா யார் என்று ரேணுகா கேட்டாள். எங்க ஊட்டுல வளரட்டும் என்று மூன்று குரல்கள் சேர்ந்து வந்தன. டீச்சர் என்னைப் பார்த்தார். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை, கதவுக்குப் பின்னாலிருந்துதான் சொன்னேன்.

“வேண்டாமுங்க. தோடு கூடுனப்ப எது பழசு எது புதுசுன்னு தெரியல, தெரியாட்டியும் தோட்டுக்கு வருத்தமில்ல. பிள்ளைகள்ல எது கூடுனதுன்னு தெரியாமப் போச்சுன்னா, நாளைக்குச் சோறு பத்தாதப்ப ஒவ்வொண்ணையும் பாத்து இதுதான் அதிகம்னு நெனைக்கத் தோணும். நம்ம ஊர்ல எந்தப் பிள்ளையும் அதிகமில்ல.”

ஆறுச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கா சொல்றதுதான் செரி என்றார். கூட்டம் கலைந்தது. ஆறாம் நாள் உத்தரவு வந்தது. ஜூலை ஒன்று முதல் இச்சிப்பாளையம் மையம் இயங்காது. கையில் ஆறு நாள் இருந்தது.

எங்கள் ஊரில் இரண்டு வயது ஆகாத பிள்ளைகள் எத்தனை என்று அன்றைக்கு எடை நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து. அதில் மூத்தது ரேணுகாவின் மகள் மிதுனா. ஜூலை பத்தாம் தேதி அவளுக்கு இரண்டு முடிகிறது. இரண்டு முடிந்தால் சேர்க்கலாம், சேர்த்தால் பதினைந்து, மையத்தை மூடக் காரணமில்லை. ஜூலை ஒன்று, இரண்டு என்று விரல் மடக்கினேன். பத்து நாள் குறைந்தது. இருபத்தேழு வருஷத்தில் படிவத்தில் நான் ஒரு எண்ணையும் மாற்றி எழுதியதில்லை, அதனால் பிறந்த தேதியை மாற்றலாம் என்று டீச்சரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

ஜூன் முப்பது செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதரைக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும், சுவரில் ஆணியில் தொங்கிய தினசரி காலண்டரைக் கழற்றிக் களத்தின் நடுவில் வைத்தேன். அதுவரை என் காரியத்துக்காக ஒரு பொருளையும் அவர்களை எண்ணச் சொன்னதில்லை. மேலே இருந்த தாளைத் தொட்டுக் காட்டி, நமக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கு, எண்ணுங்க சாமிகளா என்றேன். பதினாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரே ஒரு தாள்தான். கவினேஷ் அதன்மேல் கை வைத்தான். எல்லோரும் சேர்ந்து, நன்றாக இழுத்து, லாபம் என்றார்கள். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த டீச்சர் கையை நிறுத்தினார், திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தாளைக் கிழித்தேன். அடியில் ஜூன் முப்பது, செவ்வாய்க்கிழமை, அதே ராகுகாலம், அதே சூலம். டீச்சரிடம், பத்து நாள் மட்டும் என்றேன். பத்து போதுமா அக்கா என்று கேட்டார். பத்துதான் வேணும் என்றேன். பிறகு காலண்டரைக் களத்தில் வைத்தேன், பிள்ளைகள் எண்ணினார்கள்.

ஊர் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் குடியேறிற்று. எல்லா வீட்டுக் காலண்டரிலும் கிழித்தால் அடியில் முப்பதுதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜூலை தன் பாட்டுக்கு நடந்தது, இந்தப் பக்கம் ஜூன் நின்றது. டீக்கடைக்கு வந்த பேப்பரில் நாளைய செய்தி, நாளன்றைக்குச் செய்தி எல்லாம் வந்தது, ஊரார் படித்து மடித்து வைத்தார்கள். வாய்க்காலைத் தாண்டினால் பழைய தேதி என்பதற்காகப் பழைய டிக்கெட்டையே காட்டக்கூடாது என்று பஸ் கண்டக்டர் எச்சரித்தார். முப்பதாம் தேதி மின்பராமரிப்பு நாள் ஆகையால் தினமும் காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை, மஞ்சி மில்லில் கையால் செய்கிற வேலை மட்டும் நடந்தது, அம்மாக்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். செவ்வாயில் சவரக்கடை திறக்காது என்பதால் ஆண்களுக்கெல்லாம் தாடி வளர்ந்தது. கல்யாணம் கூடி வர ஒன்பது செவ்வாய் விளக்குப் போடுவதாக வேண்டியிருந்த மூன்று பெண்கள் ஒன்பதே நாளில் வேண்டுதலை முடித்துவிட்டார்கள், ஒருத்தியைப் பார்க்கப் பத்தாம் நாளே உடுமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை வந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் மையத்தில் பாசிப்பயறு. தினமும் பாசிப்பயறே வெந்தது, பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், ஆறாம் நாளிலிருந்து டீச்சர் அதை முளைகட்டி வெல்லம் போட்டார்.

ஒருவருக்கு மட்டும் நஷ்டம். குழந்தைவேலுவின் தோப்புக்கு வாய்க்கால் தண்ணீர் முறை ஜூலை ஒன்றில் தொடங்க வேண்டும். ஊரில் ஜூலை வராததால் மடை திறக்க ஆள் வரவில்லை. சாரல் மேல்மண்ணைத்தான் நனைத்தது, வேருக்கு எட்டவில்லை, அவருடைய இளங்கன்றுகள் ஓலை வதங்கி நின்றன. மூன்றாவது முப்பதாம் தேதி மாலை அவர் மையத்துக்கு வந்து வாசலில் நின்றார். கோபமாக வந்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். என்னைப் பார்த்துக் கேட்டார், இது எத்தனை நாளைக்கு என்று.

“இன்னும் எட்டுங்க.”

“எட்டுன்னா எட்டுத்தானுங்களா?”

“எட்டுத்தானுங்க.”

அவர் மணல் தொட்டியையும் அதில் கிடந்த ஓலைக் கிளிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டு நாள் கன்று தாங்கும், கொடத்துல மோந்து ஊத்திக்கறேன், ஒம்பதாக்கிராதீங்க அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து, யாரும் சொல்லாமலே, மில்லிலிருந்து சீக்கிரம் வந்த அம்மாக்கள் மையத்தில் கூடிக் கிடந்த ஏழு செம்புகளையும் எடுத்துக்கொண்டு அவர் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்கள்.

ரெஜினா மேடம் பூட்டோடு வந்தது அவருடைய ஜூலை ஒன்றில். காலண்டரைப் பார்த்தார், தன் போனைப் பார்த்தார், வாசலில் இறங்கி நின்று அலுவலகத்துக்குப் பேசினார். இங்க இன்னும் ஒண்ணாந் தேதி ஆகலைங்க சார் என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. அதற்கு அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. தேதி வராமல் பூட்டினால் அது தப்பாகிவிடும் என்று அவர் பூட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பாசிப்பயறு சாப்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் தன் வீட்டுக் காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். வாய்க்கால் பாலத்தில் வரும்போது மூன்று என்று இருந்ததாம். எங்கள் சுவரில் மாட்டியதும் முப்பது என்று இருந்தது. அதை அவர் திருப்பி எடுத்துப் போகவில்லை.

பதினோராவது முப்பதாம் தேதி வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு ஜூலை பத்து, வெள்ளிக்கிழமை. ரேணுகா இரண்டு காதிலும் தோடு போட்டுக்கொண்டு, மிதுனாவுக்குத் தலைக்கு ஊற்றிப் பொட்டு வைத்து, பிறப்புச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே வந்துவிட்டாள். ரெஜினா மேடமும் வந்தார். சான்றிதழைத் தன் போனில் இருந்த தேதியோடு வைத்துப் பார்த்தார், இரண்டு வயது முடிந்திருந்தது. உத்தரவைச் சுவரில் இருந்த தேதியோடு வைத்துப் பார்த்தார், அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, பதினைந்து என்று எண் போட்டு, பெயர் எழுதி, பெற்றோர் பெயர் எழுதி, பிறந்த தேதி எழுதி, சேர்ந்த தேதி என்கிற கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார். முப்பது என்று எழுதினால் பிள்ளைக்கு வயதில்லை. பத்து என்று எழுதினால் மையம் இல்லை. வாசலில் தாடியோடு நின்ற ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார்.

“அக்கா, நீங்கதான் தப்பா எழுத விடமாட்டீங்களே. என்ன எழுதட்டும்?”

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னைக்குன்னு எழுதுங்க மேடம் என்றேன். அவர் ‘இன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

அவர் போன பிறகு பார்த்தால், பிள்ளைகள் தாங்களாகவே காலண்டரை ஆணியிலிருந்து எடுத்துக் களத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டிருந்தது. கவினேஷ் தாள்மேல் கை வைத்துவிட்டான். நான் ஓடிப் போய் அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன். குழந்தைவேலுவுக்குச் சொன்ன எட்டு அன்றோடு முடிகிறது. இன்றைக்கு வேற மாதிரி எண்ணலாம் சாமி, மேடம் கேட்டாங்கல்ல, அந்த மாதிரி என்றேன். அவன் என்னை நம்பிக்கையில்லாமல் பார்த்தான். ஒத்தையா நின்னு போயிருமே ஆயா என்றான்.

“நிக்கட்டும் கண்ணு. போதும்.”

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, ராகம் இல்லாமல், மெதுவாக, ஒண்ணு என்றான். மற்றவர்களும் ஒண்ணு என்றார்கள்.

மறுநாள் விடிந்தபோது தாளைக் கிழித்தேன். ஜூலை பதினொன்று, சனிக்கிழமை. நடுவில் இருக்க வேண்டிய பத்துத் தாள்களைக் காணவில்லை, யாரும் தேடவில்லை. சவரக்கடையில் வரிசை வாய்க்கால் வரைக்கும் நின்றது. மடை திறந்து தண்ணீர் குழந்தைவேலுவின் தோப்புக்குள் போகிற சத்தம் மையம் வரைக்கும் கேட்டது. சனிக்கிழமை ஆனதால் பாசிப்பயறு இல்லை என்று பிள்ளைகள் தட்டைத் தட்டிக் கொண்டாடினார்கள்.

மதியம் பாய்களை விரித்துப் படுக்க வைத்தேன். மையத்துப் பாய் ஒன்பது, கூடிய பாய் ஆறு, ஆளுக்கு ஒன்று சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சுச் சத்தம் ஒரே சீராக வந்தது. வழக்கம் போல வாசற்படியில் நின்று தலைகளை எண்ணினேன், எப்போதும் எண்ணுகிற மாதிரி ஒன்று என்றுதான் தொடங்கினேன், பதினாலு வரைக்கும் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. பதினைந்தாவது தூங்கவில்லை. பாயின் நடுவில் எழுந்து உட்கார்ந்து, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, நான் அவளை எண்ணுகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.